கீசர் சர்வீஸுக்கு வந்தவர் சேஃப்டி வால்வையே அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்

வீட்டில் கீசர் வைத்திருப்பவர்கள், அதுவும் வயதான அம்மா அப்பா தனியாக இருக்கும் வீடு என்றால், இதைக் கட்டாயம் படியுங்கள்.

சென்னை சேலையூரில் அம்மா வீட்டில் 15 லிட்டர் கீசர். தண்ணீர் சூடாகவில்லை, அதற்கு முன்பு சூடாகும்போதெல்லாம் வால்விலிருந்து வேறு சொட்டியது என்று இணையத்தில் கிடைத்த ஒரு எண்ணுக்கு அம்மா போன் செய்ய, கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். "காயில் போயிடுச்சும்மா, தெர்மோஸ்டாட்டும் அவுட், டேங்க் முழுக்க உப்பு" என்று அடுக்கி 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கிடையாது.

அதற்கப்புறம் குழாயைத் திறந்தால் ஆவியோடு சீறிக்கொண்டு தண்ணீர் வருகிறது என்று அம்மா சொன்னதும், சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றிப் பார்த்தவர் முகமே மாறிவிட்டது. சூடு எல்லை மீறினால் கரண்டை நிறுத்த வேண்டிய கட்-அவுட்டை ஒரு துண்டு ஒயரால் நேராக இணைத்திருக்கிறார்கள். தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய, புதிதாகப் போட்ட தெர்மோஸ்டாட் சரியான நேரத்தில் அணைவதே இல்லை. சொட்டிய சேஃப்டி வால்வின் வாயில் டம்மி, அதாவது அடைப்பு மூடி, போட்டு இறுக்கியாயிற்று. டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடையும் காணோம்.

இதில் என்னைப் பதற வைத்தது அந்த டம்மிதான். சூடாகும்போது வால்வு கொஞ்சம் சொட்டுவது பழுதே இல்லை. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 300 மில்லி கூடுதல் இடம் கேட்கும், உள்ளே வரும் வழியில் தண்ணீர் திரும்பிப் போகாதபடி தடுப்பு இருப்பதால் அது வெளியேற அந்த வால்வுதான் வழி. அதையும் அடைத்து, கட்-அவுட்டையும் எடுத்துவிட்டால் டேங்க் வெடிக்கக்கூடும். எழுபது வயது அம்மா குளிக்கிற அறையில் இதைச் செய்துவிட்டுப் போக எப்படி மனசு வந்தது?

கழற்றிய பழைய காயிலை அந்த ஆள் பாத்ரூம் மூலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். அண்ணன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 26 ஓம் காட்டுகிறது. 2,000 வாட் காயிலுக்கு அதுதான் சரியான அளவு, உறைக்கு மின்கசிவும் இல்லை. அப்படியானால் பெரும்பாலும் முதலில் கட்-அவுட் மட்டும்தான் விழுந்து, அதாவது தானாக அணைந்து, கரண்டை நிறுத்தியிருக்கும். பல கீசர்களில் மெயினை அணைத்துவிட்டு, மூடிக்குள் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் அது மறுபடி வேலை செய்யும். ஏன் விழுந்தது என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் காயில் மேல் உப்புப் படிவது சகஜம், படிவை நீக்கி ராடை மாற்றுவதுதான் உண்மையான சர்வீஸ்.

எண்ணை வாரண்டி கார்டிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ மட்டும் எடுங்கள். காயில் போய்விட்டது என்றால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சொட்டுவது தொந்தரவாக இருந்தால் வால்வின் வாயில் ஒரு டியூப் மாட்டித் தரையை நோக்கி விட்டால் போதும், யாரையும் அடைக்க விடாதீர்கள்.

அந்த ஆள் போனை எடுப்பதில்லை. படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அண்மையில் இப்படி யாரிடமாவது சர்வீஸ் செய்திருந்தால், இன்றைக்கே மெயினை அணைத்து, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து வால்வையும் கட்-அவுட்டையும் பார்த்துவிடுங்கள்.