ஒரு டிஸ்க் போனாலும் ஓடும் என்றார்கள்: தக்கலை மாடிக்கடை அனுபவம்

மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் போடும் சின்ன ஸ்டுடியோ என்னுடையது. ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி முழுக்க இடி. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரே வரி. உள்ளே இரண்டு டிபி டிஸ்க் இரண்டு, லினக்ஸில் ரெய்டு 1 போட்டது, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் ஏற்பாடு. ஒன்று செத்தாலும் இன்னொன்று ஓடும் என்று சொல்லித்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் அசெம்பிள் செய்து தந்தார்கள். சனிக்கிழமை குழித்துறையில் ஒரு வீட்டுக்கு ஆல்பம் கொடுத்தாக வேண்டும்.

முதலில் வேறொரு கடைக்குப் போனேன். டிஸ்கைக் கழற்றி விண்டோஸில் மாட்டினார்கள். லினக்ஸ் ரெய்டு அதற்கு எங்கே புரியும்? "ரெண்டும் போச்சு, பதினைந்தாயிரம் ஆகும்" என்றார்கள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் தக்கலை. பஸ் ஸ்டாண்ட் பக்கம், செங்குத்தான மாடிப்படி, மழையில் வெளுத்துப்போன போர்டு. இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, ரெய்டு நிலவரத்தைத் திரையில் காட்டினான். சதுர அடைப்புக்குள் முதலில் ஓர் அடிக்கோடு, அடுத்து ஒரு யூ. "அண்ணா, அடிக்கோடு செத்த டிஸ்க். யூ நல்லா இருக்கு. உங்க போட்டோ எல்லாம் அதுல அப்படியே கிடக்கு."

"பின்னே ஏன் மக்கா ஆன் ஆகல?"

கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் க்ரப் என்ற சின்ன புரோகிராமை முதல் டிஸ்கில் மட்டும் போட்டிருக்கிறார்கள். இங்கே ரெய்டு, பார்ட்டிஷனுக்குள், அதாவது டிஸ்கில் பிரித்து வைத்த பகுதிக்குள், இருப்பதைத்தான் இரண்டிலும் எழுதும். க்ரப்பின் முதல் துண்டு பார்ட்டிஷனுக்கு வெளியே, டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கிறது. முதல் டிஸ்க் செத்ததும் அதுவும் போயிற்று. ஐந்து வருஷமாக இது தெரியாமல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்!

நல்ல டிஸ்கில் க்ரப் போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. அதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. புது டிஸ்க் சேர்த்து, பழையதிலிருந்து முழுக்க நகல் ஏற நாலு மணி நேரம். அதிலும் க்ரப் போட்டான். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் செய்ததுதான். ஒரு டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிளைப் பிடுங்கி ஆன் செய்தான், எழுந்தது. அணைத்து, அதை மாட்டி, பிடுங்கப்பட்ட டிஸ்கை மறுபடி ரெய்டில் சேர்த்து, இரண்டு யூ வரும்வரை காத்திருந்து, அடுத்த கேபிளைப் பிடுங்கினான். அதுவும் எழுந்தது. அசெம்பிள் செய்து தந்தவர்கள் இதை அன்றைக்கே செய்திருக்கலாம்.

புது மாடல் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொன்னான்: யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கம்ப்யூட்டரைத் தொடக்கும் முறை) மெஷினில் பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் ரெய்டுக்கு வெளியேதான் இருக்குமாம். இரண்டாவது டிஸ்கிலும் தனியாக அதை வைக்க வேண்டும்.

கூலி ஆயிரத்து ஐநூறு, டிஸ்க் விலை தனி. குறை என்றால், போன் எடுக்கவே மாட்டார்கள், பில்லும் கேட்டால்தான் வரும். சிபியுவைச் சுமந்து அந்தப் படி ஏற முடியாதவர்கள் கீழே டீக்கடையில் சொன்னால் பையன் இறங்கி வருவான். ஞாயிறு லீவு.