பல்லுக்கு கிளிப் போட்டு 27 மாசம், தில்லைநகர் கிளினிக் ஒண்ணுல என் அனுபவம்

கம்பி கழட்டி ஆறு மாசம் ஆச்சு. கழட்டின உடனே எழுதியிருந்தா அந்த சந்தோஷத்துல அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போயிருப்பேன், நல்லவேளை எழுதல. கிளினிக் பேரு வேணாம், ஏன்னா குறையும் சொல்லப் போறேன். திருச்சி தில்லைநகர்ல ஒரு கிராஸ்ல மாடில இருக்கு, அது போதும்.

எனக்கு சின்ன வயசுலேர்ந்தே மேல தெத்துப்பல்லு, கீழ முன்பல்லு நாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். ஸ்கூல் படிக்கும்போதே போட்டிருக்கணும், வீட்டுல "தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்டா"ன்னு விட்டுட்டாங்க. 28 வயசுல சொந்தக் காசுல போனேன். இந்த வயசுல பல்லு நகருமான்னு தான் முதல் கேள்வி கேட்டேன், ஈறும் எலும்பும் நல்லா இருந்தா வயசு ஒரு தடை இல்ல, கொஞ்சம் லேட்டாகலாம் அவ்ளோதான்னாங்க. ஆனா குழந்தைங்க இருக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 7 வயசுவாக்குல ஒரு தடவை காட்டிடறது நல்லது. அப்பவே கிளிப் போடணும்னு இல்ல, தாடை வளர்ற வயசுல சரி பண்ணக்கூடிய சில விஷயம் வளர்ந்து முடிஞ்சப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போயிடும்.

முதல் நாள் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே (மேல கீழ எல்லாப் பல்லும் தாடையும் ஒரே படத்துல தெரியறது), பக்கவாட்டுல இன்னொரு எக்ஸ்ரே, வாயில பிசுபிசுன்னு மாவு மாதிரி ஒண்ண வச்சு அச்சு எடுத்தாங்க (தொண்டை வரைக்கும் போற மாதிரி இருக்கும், மூக்கால மூச்சு விடுங்க). அப்புறம் குண்டு போட்டாங்க, நாலு பல்லு எடுக்கணும்னு. கோரைப்பல்லுக்கு அடுத்து இருக்கற சின்ன கடவாப்பல்லு, மேல ரெண்டு கீழ ரெண்டு, சொத்தை கூட இல்ல, முழு நல்ல பல்லு. மூணு பேரு சீட்டுல அஞ்சு பேரு உக்காந்திருக்காங்க, ரெண்டு பேரு எந்திரிச்சா தான் மத்தவங்க ஒழுங்கா உக்கார முடியும்னு டாக்டர் சொன்னதும் தான் புரிஞ்சுது. எல்லாருக்கும் எடுக்க வேண்டி வராது, நெருக்கடி கம்மின்னா பல்லு ஓரத்த லேசா தேய்ச்சே இடம் பண்ணிடுவாங்க. எங்க ஆச்சி மட்டும் மேல்பல்ல பிடுங்கினா கண்ணு போயிடும்னு ஒரு வாரம் புலம்பிட்டே இருந்துச்சு. கண்ணு பத்திரமா இருக்கு ஆச்சி.

காசு விஷயத்த தெளிவா சொல்லிடறேன். பேக்கேஜ் 45,000 மெட்டல் கிளிப்புக்கு, பல்லு கலர்ல இருக்கற செராமிக் வேணும்னா இன்னும் 15,000 மேலன்னாங்க. முன்னாடி 15,000 கட்டிட்டு மீதிய மாசா மாசம் கட்டினேன், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த 45,000க்குள்ள என்னல்லாம் இல்லன்னு யாரும் வாயைத் திறக்கல. பல்லு எடுக்க ஒண்ணுக்கு 800, எக்ஸ்ரே தனி, க்ளீனிங் தனி, பிராக்கெட் (கம்பிய பிடிக்க ஒவ்வொரு பல்லுலயும் ஒட்டற குட்டி கட்டை) உடைஞ்சா மூணாவதுலேர்ந்து ஒண்ணுக்கு 300, கடைசில ரிடெய்னர் (கிளிப் கழட்டினப்புறம் பல்லு திரும்ப நகராம இருக்க மாட்டறது) 5,000. மொத்தமா பாத்தா 57,000 தாண்டிடுச்சு. அதனால சேர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க, முக்கியமா ரிடெய்னர் உள்ளயா வெளியவான்னு. கையில காசு அவ்ளோ இல்லன்னா சென்னைல கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கயும் இந்த ட்ரீட்மெண்ட் உண்டு, ஆனா பொறுமை வேணும்.

கம்பி போடறதுக்கு சில நாள் முன்னாடி கடைசி கடவாப்பல்லு நடுவுல சின்ன ரப்பர் வளையம் வைப்பாங்க, இடைவெளி உண்டாக்க. மாம்பழ நாரு பல்லுல சிக்கி நாலு நாளா வராம இருந்தா எப்படி இருக்கும், அதே தான். கம்பி போட்ட அன்னிக்கு ஒண்ணும் வலிக்கல, நானும் கெத்தா வண்டி ஓட்டிட்டு வந்தேன், ராத்திரி சாப்பாட்டுல உக்காந்தா பருப்பு சாதத்த மெல்ல முடியல. மூணு நாள் இட்லிய சாம்பார்ல ஊற வச்சு முழுங்கினேன். பாராசிட்டமால் போதும்னாங்க, போதும் தான். அதவிட கொடுமை கன்னத்துக்கு உள்ள கம்பி குத்தறது, அதுக்கு ஒரு மெழுகு குடுப்பாங்க, கொஞ்சம் கிள்ளி உருட்டி குத்தற இடத்துல அப்பிக்கணும். எனக்கு இது மூணாவது நாள் தான் ரிசப்ஷன்ல கேட்டப்புறம் கிடைச்சுது, முதல் நாளே கேட்டு வாங்கிடுங்க.

செராமிக் போட நினைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிராக்கெட் வெள்ளையா தான் இருக்கும், கம்பிய பிடிச்சிருக்கற அந்த கண்ணாடி ரப்பர் இருக்கு பாருங்க, அது ஒரே நாள் சாம்பார்ல மஞ்சளாயிடும். என் ஆபீஸ்ல ஒரு அக்கா கூடுதல் காசு குடுத்து போட்டுட்டு மாசம் பூரா வாய மூடிக்கிட்டே சிரிச்சாங்க. நம்ம சாப்பாட்டுக்கு மெட்டல் தான் லாயக்கு, நான் கிரே கலர் ரப்பர் போட்டுக்கிட்டேன். அலைனர் (கம்பி இல்லாம, கழட்டி மாட்டற கண்ணாடி மாதிரி உறை) வேணும்னா ஒரு நாளைக்கு 20, 22 மணி நேரம் மாட்டியிருக்கணும், காபி குடிக்கறதுக்கெல்லாம் கழட்டி கழட்டி மாட்டணும், நமக்கு அந்த ஒழுக்கம் கிடையாது.

பிராக்கெட் மொத்தம் நாலு உடைச்சேன். ரெண்டு சீடைல (கோகுலாஷ்டமி, என்ன பண்றது), ஒண்ணு கொய்யாக்கால, ஒண்ணு எதுலன்னே தெரியல. கீரை சாப்பிட்டா கண்ணாடி பாக்காம வெளிய போகாதீங்க. பல்லு நடுவுல விடற குட்டி பிரஷ் ஒண்ணு மெடிக்கல்ல கிடைக்கும், அது இல்லாம ஒழுங்கா சுத்தம் ஆகாது. என் கூட வெயிட்டிங்ல உக்காந்திருந்த ஒரு காலேஜ் பையனுக்கு கிளிப் கழட்டினதும் ஒவ்வொரு பல்லுலயும் பிராக்கெட்ட சுத்தி சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தழும்பு, பல்லு நேரா வந்தும் அவன் மூஞ்சில சிரிப்பே இல்ல.

இப்ப என் குறைக்கு வர்றேன். கிளினிக் வச்சிருக்கற டாக்டர் பி.டி.எஸ். (பொதுவான பல் டாக்டர் படிப்பு), நல்ல மனுஷன், கை சுத்தம், வலிக்காம பல்லு எடுத்தாரு. ஆனா கிளிப் வேலை பாக்கறது அவரு இல்ல, வெளியூர்லேர்ந்து வர்ற ஆர்த்தோ (பல் சீரமைப்பு) டாக்டர், மாசத்துல ரெண்டாவது, நாலாவது ஞாயிறு. பி.டி.எஸ். முடிச்சு தனியா மூணு வருஷம் இதுக்குன்னே எம்.டி.எஸ். படிச்சவங்க தான் ஆர்த்தோடான்டிஸ்ட். நிறைய ஊர்ல இப்படி வந்து போறவங்க தான், அதுல தப்பே இல்ல. பதினோராவது மாசம் அவரு வர்றத நிறுத்திட்டாரு. கிளினிக்ல சொல்லணும்ல? "அடுத்த வாரம் வந்துருவாரு சார்", "ஃபோன் பண்றோம் சார்"னே கிட்டத்தட்ட மூணு மாசம் ஓட்டிட்டாங்க. பல்லு எடுத்த இடத்த மூடறதுக்கு மாட்டியிருந்த ரப்பர் செயின் சில வாரத்துலயே தொய்ஞ்சு போயிடும், அப்புறம் அது இழுக்காது, சும்மா தொங்கும். மாசம் ஒரு மில்லிமீட்டர் மூடினாலே நல்ல வேகம்னு சொல்ற வேலைல மூணு மாசம் போனா என்ன ஆகும்? புதுசா ஒரு மேடம் வந்தாங்க, பழைய எக்ஸ்ரே எங்கன்னு கேட்டாங்க, ரிசப்ஷன்ல தேடினாங்க தேடினாங்க கிடைக்கல. மறுபடி எடுக்கணும், 900 கட்டுங்கன்னு என்கிட்டயே கேட்டப்ப தான் கத்திட்டேன். அப்புறம் ஃப்ரீயா எடுத்தாங்க. அந்த மேடம் வந்தப்புறம் வேலை சுத்தமா நடந்துச்சு, அத மறைக்கக்கூடாது, ஆனா 18 மாசம்னு சொன்னது 27ல முடிஞ்சுது.

அதனால ஏ.சி., பெரிய போர்டு, ஸ்கேனர் மெஷின் எல்லாம் அப்புறம் பாருங்க. கம்பி டைட் பண்ணப் போறது யாரு, எம்.டி.எஸ். ஆர்த்தோவா, எத்தனை வருஷமா இங்க வர்றாரு, நடுவுல நின்னுட்டா யாரு பொறுப்புன்னு மூஞ்சிக்கு நேரா கேளுங்க. எக்ஸ்ரே, ஃபோட்டோ எல்லாத்தையும் முதல் நாளே உங்க வாட்ஸ்அப்புக்கு வாங்கி வச்சுக்கோங்க.

கழட்டினப்புறம் தான் இன்னொண்ணு தெரிஞ்சுது, வேலை முடியல. பல்ல சுத்தி இருக்கற நாரெல்லாம் பழைய இடத்துக்கு இழுத்துக்கிட்டே இருக்குமாம். கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு கம்பி ஒட்டிட்டாங்க, மேலுக்கு கண்ணாடி மாதிரி ரிடெய்னர், சாப்பிடற நேரம் தவிர நாள் பூரா, அப்புறம் ராத்திரி மட்டும், எவ்ளோ நாள்னு கேட்டா மேடம் சிரிச்சாங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மறந்து வச்சுட்டுப் போயிட்டேன், பத்து நாள் கழிச்சு மாட்டினா உக்காரவே மாட்டேங்குது, அழுத்தி அழுத்தி ரெண்டு ராத்திரி பழைய வலி. வென்னீர்ல கழுவினா வளைஞ்சுடும், பச்சைத் தண்ணி தான்.

பல்லு இப்ப நேரா இருக்கு, பாஸ்போர்ட் ஃபோட்டோல முதல் தடவையா வாய் இறுக்காம இருக்கேன். வேலைக்கு நாலு, நிர்வாகத்துக்கு ரெண்டு, மொத்தமா மூணு ஸ்டார். போறதா இருந்தா ஞாயிறு காலைல 9 மணிக்கே டோக்கன் போட்டுருங்க, 11க்கு மேல போனா மதியச் சாப்பாடு அவுட். லிஃப்ட் பூட்டியே தான் கிடக்கும், கீழ ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட சாவி இருக்கும், பெரியவங்கள கூட்டிட்டுப் போனா கேட்டு வாங்கிக்கோங்க.