ஜென்செட் வண்டிய சர்வீஸுக்கு விட்டேன், ட்ரிப் ஒயரையே பிடுங்கி விட்டுட்டாங்க, ஒரு பையன் உயிர் போக இருந்துச்சு

நீலகிரில ஜெனரேட்டர் வண்டி வச்சுப் பொழைக்கிறவங்க, கல்யாணம் பண்டிகைக்கு வாடகைக்கு எடுக்கிறவங்க ரெண்டு பேருமே இத முழுசா படிங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், ஆனா எழுதாம இருக்க முடியல, பத்து நாளா தூக்கம் இல்ல.

நான் கோத்தகிரி. 407 லாரி மேல 62.5 கேவிஏ சைலண்ட் ஜெனரேட்டர் செட் ஏத்தி வச்சிருக்கேன், பேங்க் லோன் இன்னும் ஓடுது, இதுதான் வீட்டுக்கு சோறு. ஐப்பசி மழை ஆரம்பிச்சா எங்க பக்கம் மரம் விழுந்து கரண்ட் போறது சகஜம், அதனால அதுக்கு முன்னாடி செட்ட ஒரு தடவ ஃபுல்லா பாத்துடணும்னு கீழ மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பேரு இங்க போடல, அது வேற இடத்துல வரும். சொன்ன வேலை இதுதான்: ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டு, ஏர் ஃபில்டர், கூலன்ட், ஃபேன் பெல்ட், அப்புறம் வோல்டேஜ் ஏறி ஏறி இறங்குது ஏவிஆர் (வோல்டேஜ ஒரே அளவுல வச்சுக்கிற கார்டு) பாருங்க, பனி நேரத்துல ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா லைன தானா கட் பண்ற சுவிட்ச்) சும்மா சும்மா ட்ரிப் ஆகுது அதையும் பாருங்க. மூணு நாள்னு சொன்னவங்க ஒம்பது நாள் வச்சிருந்தாங்க, அதுல ரெண்டு ஆர்டர் போச்சு. பில் 46,500. நாப்பதாயிரம் கையில குடுத்தேன், மீதி அடுத்த வாரம்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டு மலை ஏறிட்டேன். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க, வோல்டேஜ் 415ல நின்னுச்சு, ஃபிரீக்வன்சி 50, சத்தம் நல்லாருந்துச்சு, வெளிய பெயின்ட் எல்லாம் அடிச்சு பளபளனு குடுத்தாங்க. நானும் திருப்தியா வந்துட்டேன், அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு.

நாலு நாள் கழிச்சு பக்கத்து ஹட்டில (படுகர் ஊர்ல) ஒரு கல்யாண ரிசப்ஷன். சாயங்காலம் நாலு மணிக்கே பனி எறங்கிடுச்சு, தூறலும் இருக்கு, எதிர்ல நிக்கிற ஆளு தெரியல. வண்டிய சரிவுல நிறுத்தி டயருக்கு கட்டை போட்டு, எர்த் ராடு அடிச்சு நியூட்ரல எர்த் பண்ணிட்டு லோடு குடுத்தோம். ஏழு மணி இருக்கும், எங்கிட்ட வேலை பாக்கிற பையன், பத்தொம்பது வயசு, மழைல நனைஞ்ச கையோட டீசல் லெவல் பாக்கலாம்னு பின்னாடி ஏணிய பிடிச்சிருக்கான். கால்ல செருப்பு கூட இல்ல, ஈரப் புல்லு. ஒரு சத்தம் கூட வரல அவன்கிட்ட இருந்து. நான் தற்செயலா திரும்பிப் பாத்தப்ப ஏணிய பிடிச்சபடியே விறைச்சுப்போய் நிக்கிறான். ஓடிப்போய் அவன இழுத்திருந்தா நானும் சேர்ந்து போயிருப்பேன், என் மச்சான் "தொடாதீங்க மாமா"னு கத்தினது காதுல விழுந்து எமர்ஜென்சி பட்டன ஓங்கி அடிச்சேன். இஞ்சின் நின்னதும் அவன் கீழ விழுந்தான். உள்ளங்கைல ரெண்டு இடத்துல கருகிப் போயிருந்துச்சு. ஆஸ்பத்திரில ஈசிஜி எடுத்து ராத்திரி முழுக்க வச்சுப் பாத்து காலைலதான் விட்டாங்க. இப்ப நல்லாருக்கான். அவங்க அம்மா என்ன ஒரு வார்த்த திட்டல, அதுதான் எனக்குத் தாங்க முடியல.

அடுத்த நாள் எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர கூட்டிட்டு வந்தேன், அருவங்காடு ஃபேக்டரில எலக்ட்ரிகல்ல முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வண்டியத் தொடறதுக்கு முன்னாடி பண்ணின விஷயத்தையே முதல்ல சொல்லணும். இஞ்சின ஸ்டார்ட் பண்ணி நிறுத்தற கன்ட்ரோலர ஆட்டோல இருந்து ஸ்டாப்ல போட்டார், மெயின் பிரேக்கர ஆஃப் பண்ணினார், அப்புறம் பேட்டரில நெகட்டிவ முதல்ல கழட்டி தள்ளி வச்சு அதுமேல ஒரு துணிய சுத்தினார். ஏன்யா நெகட்டிவ் முதல்லனு கேட்டேன், பாசிட்டிவ கழட்டும்போது ஸ்பேனர் பாடில பட்டா ஷார்ட் ஆயிடும், பேட்டரி கிட்ட ஹைட்ரஜன் இருக்கும், ஒரு பொறி போதும், நெகட்டிவ் ஏற்கனவே கழண்டிருந்தா அது நடக்காதுன்னார். ஆட்டோல விட்டுட்டு ஃபேன் பெல்ட்ல கை வச்சிருக்கும்போது இஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகி விரல் போனவங்க இருக்காங்கன்னார். நான் இத்தன வருஷமா சாவிய எடுத்துட்டா போதும்னு நினைச்சிட்டு இருந்தேன்.

அப்புறம் அவர் ஒவ்வொண்ணா காட்ட ஆரம்பிச்சார்.

ஆர்சிசிபிக்கு வர்ற ஒயரையும் போற ஒயரையும் நேரா சேத்து முறுக்கி டேப் அடிச்சிருக்காங்க, அந்த சாமான் சும்மா பொம்மையா உக்காந்திருக்கு. ட்ரிப் ஆகுதுனு நான் குடுத்த கம்ப்ளெயின்டுக்கு அவங்க பண்ணின ரிப்பேர் அது. உண்மையில அது ட்ரிப் ஆனதுக்குக் காரணம் சீரியல் லைட் ஜாயின்ட்ல பனித்தண்ணி எறங்கி லீக் ஆனதுதான், அது அதோட வேலையத்தான் செஞ்சிருக்கு. மனுஷன் கை படற லைனுக்கு 30 மில்லி ஆம்ப் லீக் ஆனாலே அது கட் பண்ணணும்.

வண்டி பாடிக்கும் எர்த் போல்ட்டுக்கும் நடுவுல இருந்த பட்டை ஒயர காணோம். தேடினா பேட்டரி பெட்டிக்குப் பின்னாடி கெடக்கு, கழட்டினவங்க திரும்ப மாட்டல. வெளிய போற கேபிள் நுழையற ஓட்டைல கேபிள் உரசாம இறுக்கிப் பிடிக்கிற கிளாண்டும் இல்ல, வெறும் தகரம், கோத்தகிரி ரோட்டு வளைவுல குலுங்கிக் குலுங்கி ஏறினதுல தகர விளிம்பு கேபிள அறுத்து உள்ள இருக்கிற செம்பு பாடில பட்டிருக்கு. நியூட்ரல் தரையில எர்த் ஆகியிருக்கு, பாடி எர்த் ஆகல, வண்டி ரப்பர் டயர் மேல நிக்குது. அப்ப பாடிக்கும் தரைக்கும் நடுவுல 230 வோல்ட். பையன் தொட்டதும் அவன் உடம்பு வழியாத்தான் போயிருக்கு. அந்த பட்டை ஒயர் இருந்திருந்தா கேபிள் பாடில பட்ட அந்த நொடியே பிரேக்கர் விழுந்திருக்கும். பெரியவர் இத பேப்பர்ல படம் போட்டு எனக்கு சொன்னார், நான் அந்த பேப்பர வண்டில ஒட்டி வச்சிருக்கேன்.

இதுக்கு மேல இஞ்சின் பக்கம். ஆயில் பிரஷர் ஸ்விட்சு, தண்ணி ஹீட் ஸ்விட்சு ரெண்டோட ஒயரையும் பிடுங்கி நுனில கருப்பு டேப் சுத்தி அழகா உள்ள சொருகி வச்சிருக்காங்க. நிறைய செட்டுல இந்த ஸ்விட்சு ஃபால்ட் வந்தா ஒயர பாடியோட சேக்கும், அப்பதான் கன்ட்ரோலர் இஞ்சின நிறுத்தும். ஒயரையே பிடுங்கிட்டா கன்ட்ரோலருக்கு எல்லாம் நல்லாருக்குனுதான் தெரியும், இஞ்சின் ஆயில் இல்லாம ஓடினாலும் கொதிச்சாலும் நிக்காது. கூலன்ட்னு பில் போட்டிருக்கு, ரேடியேட்டர்ல பச்சைத் தண்ணி மாதிரி எதுவும் இல்ல, குழாத்தண்ணி. ரேடியேட்டர் மூடில ஸ்பிரிங் செத்துப் போச்சு. கீழ ஊர்ல இது பெரிசாத் தெரியாது, ஆனா ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி கிட்டத்தட்ட 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், மூடி பிரஷர பிடிச்சு வச்சாத்தான் நூறு தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடி செத்தா ஹீட் ட்ரிப் வர்றதுக்கு முன்னாடியே தண்ணி கொதிச்சு வெளிய போயிடும். மார்கழி தைல தலைகுந்தா பக்கம் உறைபனி விழற ராத்திரி வெறும் தண்ணியோட வண்டி நின்னா பிளாக்கே வெடிக்கலாம். மலைக்காரன் வண்டிக்கு கூலன்ட் போடாம விடறது அவ்வளவு பெரிய துரோகம்.

ஆயில் ஃபில்டர் புதுசுனு பில்லுல இருக்கு. நாங்க ஒவ்வொரு தடவயும் மாட்டும்போது ஆணியால தேதிய கீறி வைப்போம், மச்சானோட பழக்கம் அது. ஃபில்டர் மேல இருந்த பெயின்ட்ட சுரண்டினதும் போன வருஷம் அவன் கீறின தேதி அப்படியே வந்துச்சு. சைலன்சருக்கு முன்னாடி இருக்கிற பெல்லோஸ் (மடிப்பு மடிப்பா இருக்கிற புகைக்குழாய்) கிழிஞ்சு கெடக்கு, அதையும் விட்டுட்டாங்க. குளிருக்கு பசங்க டிரைவர் கேபின்ல கண்ணாடிய ஏத்திட்டுப் படுப்பாங்க, அந்தப் புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, உள்ள வந்தா தெரியாமலே உயிர் போயிடும். கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சுட்டுப் படுத்து செத்துப் போறத நம்ம மலைல வருஷா வருஷம் கேள்விப்படறோம், இதுவும் அதே விஷம்தான். செட் ஓடும்போது இனி யாரையும் அந்த வண்டில படுக்க விடமாட்டேன்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் அடிச்சேன். அந்தக் கடைக்காரர் கோவப்படவே இல்ல. "ணா, மலைல ஓடற வண்டிக்கு ட்ரிப் அடிக்கடி வருங்ணா, கல்யாணத்துல நின்னா உங்களுக்குத்தான கெட்ட பேரு, உங்க நல்லதுக்குத்தான் எடுத்து விட்டோம்"ங்கிறார். பையன் விஷயத்த சொன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமில்ல, அப்புறம் "மீதி ஆறாயிரத்து ஐநூறு எப்பங்ணா போடுவீங்க"ன்னு கேட்டார்.

அதனால சொல்றேன், சர்வீஸ் முடிஞ்சு வண்டி எடுக்கப் போகும்போது வோல்டேஜ் மட்டும் பாத்துட்டு வராதீங்க. செட் ஓடும்போது ஹீட் ஸ்விட்சு ட்ரிப்பையும் ஆயில் பிரஷர் ட்ரிப்பையும் மெக்கானிக்கையே செஞ்சு காட்டச் சொல்லுங்க, இஞ்சின் நிக்கணும், நின்னாத்தான் காசு. ஆர்சிசிபில இருக்கிற டெஸ்ட் பட்டன நீங்களே அமுக்குங்க, விழணும். எமர்ஜென்சி பட்டனயும் அமுக்கிப் பாருங்க, எங்க பையன் உயிரோட இருக்கிறது அந்த பட்டன்ல அவங்க கை வைக்காம விட்டதாலதான். பாடில இருந்து எர்த் போல்ட்டுக்கு மீட்டர் வச்சு கன்டின்யூட்டி (ஒயர் தொடர்பு விடாம இருக்கானு) பாருங்க, மீட்டர் இல்லாட்டி அந்தப் பட்டை ஒயர் ரெண்டு பக்கமும் டைட்டா இருக்கானு கையால ஆட்டிப் பாருங்க, செட் நின்னிருக்கும்போது. ஃபில்டர்ல எல்லாம் ஒரு அடையாளம் கீறி விட்டு அனுப்புங்க, கழட்டின பழைய சாமான திருப்பி கேளுங்க. மலை ஏறி வந்த பிறகு கேபிள் நுழையற இடத்தையும் போல்ட்டையும் இன்னொரு தடவ பாருங்க, இந்த வளைவுல எதுவும் டைட்டா இருக்காது. வாடகைக்கு எடுக்கிறவங்களும் லோடு குடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பட்டன அமுக்கிக் காட்டுங்கனு கேளுங்க, நல்ல ஆளுங்க கோச்சுக்க மாட்டாங்க.

கன்ஸ்யூமர் கேஸ் போடப் போறேன். தொழிலுக்கு வச்சிருக்க வண்டி, கேஸ் நிக்காதுனு சிலர் சொன்னாங்க, ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சுய தொழில் பண்ணிப் பொழைக்கிறவங்களும் நுகர்வோர்தான்னு இருக்கு. நாம குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ள இருந்தா கேஸ் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு. பிடுங்கின ஒயர், கிளாண்ட் இல்லாத ஓட்டை, தேதி கீறின ஃபில்டர் எல்லாத்தையும் கழட்டறதுக்கு முன்னாடியே பெரியவர் போட்டோ எடுக்கச் சொன்னார், பில்லும் பத்திரமா இருக்கு.

வண்டி ஷெட்ல நிக்குது. புது பெல்லோஸும் கிளாண்டும் கோயம்புத்தூர்ல இருந்து வரணும், வந்ததும் பெரியவர் முன்னாடிதான் ஸ்டார்ட் பண்ணுவேன். அதுவரைக்கும் படுகர்களோட ஹெத்தையம்மன் பண்டிகை ஆர்டர் கேட்டு வந்தவங்களுக்கும் இல்லேன்னு சொல்லிட்டேன்.