றப்பர் இருக்குதுதானே அண்ணை

புதுக்குடியிருப்புப் பக்கம் புதிதாக நெல் ஸ்ரோர் கட்டுகிற சிநேகிதன் ஒருத்தன் கேட்டான், லொறி பின்னுக்கு வந்து நின்று மூட்டை ஏற்றி இறக்குகிற மேடையின் விளிம்புக்கு, இடி தாங்க றப்பர் பம்பர் பூட்டட்டா, காசுக்குப் பெறுமதியா என்று. அவனுக்கு வட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கி அது நீண்டுகொண்டே போனதால், மில், ஸ்ரோர் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன். ஆனால் அவன் கேட்ட நேரம் பிழை. போன கிழமைதான் மேடை விளிம்பை உடைத்துத் திரும்பக் கட்டினோம், பூச்சுக்கு இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன், ஆகவே கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

முதலில் எல்லாரையும் போல நாங்களும் பழைய லொறி ரயரைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தோம். காசில்லாத வேலை, சும்மா சொல்லக்கூடாது, நேராக வருகிற இடியை அது நன்றாகவே வாங்கும். லொறி ஒருச்சாய்வாக வந்தால்தான் வில்லங்கம், ரயர் விலகிப் போய்விடும், லொறியின் மூலை நேரே சுவரில் போய் நிற்கும். அதைவிடப் பெரிய தலையிடி மாரி. ஐப்பசியில் மழை தொடங்கினால் ரயருக்குள் தண்ணீர் தேங்கும், டெங்கு நுளம்புக்கு வேறென்ன வேண்டும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதலில் எட்டிப் பார்க்கிற இடமே அதுதான். அடியில் ஓட்டை போட்டுப் பார்த்தோம், உமி போய் அடைத்துவிட்டது. பனங்குற்றியும் வைத்துப் பார்த்தாயிற்று. அது சுவரைக் காப்பாற்றும், லொறியின் பின் லைட்டுக்கு எமன்.

அப்புறம்தான் றப்பர். பரந்தனுக்கு இந்தப் பக்கம் அப்போது யாரும் பூட்டியிருந்ததாகத் தெரியவில்லை. முதல் வாசலுக்கு அச்சில் வார்த்த கட்டை, நாலரை அங்குலத் தடிப்பு, கொழும்பில் வாங்கியது. இரண்டாவது வாசலுக்குக் காசு காணாததால் அடுக்கு வகை: பழைய பஸ் ரயரைப் பட்டை பட்டையாக வெட்டி, துளை போட்டு, இரும்புக் கம்பியில் கோர்த்து, இரண்டு அந்தத்திலும் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) வைத்து இறுக்கினது. வவுனியாவில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்தோம். பார்க்க வடிவே இல்லை. வார்த்த கட்டையோ கறுகறுவென்று மினுங்கும், வந்தவன் போனவன் எல்லாம் தடவிப் பார்ப்பான். நாலைந்து வருடம் போனபிறகு பார்த்தால் மினுங்கினதன் மூலைகள் பிய்ந்து, வன்னி வெயிலில் வெடிப்பு ஓடி, போல்ட் துளைகள் இழுபட்டு நீண்டுவிட்டன. ரயர் அடுக்கு பூட்டின அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே. ஒன்று கவனம், உள்ளே நைலோன் நூல் உள்ள ரயராக இருக்க வேண்டும். ரேடியல் ரயரை வெட்டினால் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும், கையைக் கிழிக்கும்.

றப்பர் தன் வேலையைச் செய்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுமையோடு 16 தொன் வருகிற ஆறு சில்லு லொறி மணிக்கு 4 கி.மீ. வேகத்தில், அதாவது ஆள் ஆறுதலாக நடக்கிற வேகத்தில் வந்து மேடையில் இடித்தால், அந்த அடி முழு லொறியையும் இரண்டரை அங்குல உயரத்தில் இருந்து தொப்பென்று போடுவதற்குச் சமன். அதை 1 செ.மீ.க்குள் நிறுத்துவதென்றால் சராசரியாக 100 தொன் அளவு தள்ளு சுவரில் ஏறும். றப்பர் 3 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால் அது மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு, இந்தக் கணக்கைத்தான் சாரதிமாருக்கு விளங்கப்படுத்த முடியாது. முன்பெல்லாம் காலபோக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் லொறிகள் வரிசை கட்டும்போது ஒவ்வொரு இடிக்கும் மேடை அதிரும், அடுக்கின மூட்டை சரியும். இப்போது ஒரு 'பொத்', அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

சரி, இனி வயிற்றெரிச்சலுக்கு வருவோம். றப்பர் பூட்டினதோடு சாரதிமார் கெட்டுப்போய்விட்டார்கள். முன்பு சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போதே நிறுத்தி, கிளீனர் இறங்கி, லொறிப் பொடியில் கையால் தட்டித் தட்டி, 'வரட்டும், வரட்டும், காணும்' என்று அங்குலம் அங்குலமாகக் கொண்டுவருவான். சுவரில் பட்டால் தன் லொறிக்கும் சேதம் என்ற பயம் அவனுக்கு இருந்தது. இப்போது கிளீனர் இறங்குவதே இல்லை, போனில் இருக்கிறான். பழைய ஜப்பான் லொறி தன் பாட்டுக்கு ஜப்பான் மொழியில் ஏதோ அறிவித்துக்கொண்டே பின்னுக்கு வரும், 'பொத்' கேட்டால்தான் சாரதி பிறேக்கில் கால் வைப்பான். நான் சத்தம் போட்டால் சிரித்துக்கொண்டே சொல்கிறான், "றப்பர் இருக்குதுதானே அண்ணை." வருகிற ஆள் எல்லாம் இதே வசனம், யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி. லொறிக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு பெடியன் சிந்தின நெல் கூட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும். றப்பர் சுவருக்குத்தான், ஆளுக்கில்லை. லொறி பின்னுக்கு வரும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது, சைகை காட்டுகிறவன் சாரதியின் கண்ணாடியில் தெரிகிற வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும் என்று மேடையில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வாசிப்பவர் யார்.

இனி அந்த உடைந்த விளிம்பு. றப்பர் பிய்ந்து இது நடக்கவில்லை, இடியாலும் இல்லை. சுமையோடு வந்த லொறி கட்டையை அழுத்திக்கொண்டு ஹான்ட் பிறேக் போட்டு நிற்கிறது. மூட்டை இறங்க இறங்க வில்லுத்தகடு பழைய வளைவுக்குத் திரும்பி லொறித் தட்டு மூன்று நாலு அங்குலம் மேலே எழும்பும். எழும்பும்போது சும்மா எழும்பாது, றப்பரையும் கவ்விக்கொண்டு மேலே இழுக்கும். அரிசி ஏற்றும்போது அதே கூத்து, கீழ்ப்பக்கமாக. இடி ஒரு நொடி, இந்த இழுவை மணிக்கணக்கு. போல்ட் மெல்ல மெல்லத் தளர்ந்து, கடைசியில் ஒரு நாள் கொங்கிறீட்டின் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு கட்டை வெளியே வந்துவிட்டது. பார்த்தால், பூட்டின மேசன் மேல் போல்ட்டை விளிம்பில் இருந்து இரண்டே அங்குலத்தில் அடித்திருக்கிறான். துளைக்குள் விரிந்து பிடிக்கிற போல்ட் அது, விளிம்புக்குக் கிட்ட அடித்தால் விரிகிற விசையே கொங்கிறீட்டைப் பிளக்கும். 16 மி.மீ. போல்ட் என்றால் ஓர் ஆறு அங்குலமாவது உள்ளே தள்ளிப் போட வேண்டும். கீழ்ப் போல்ட் இரண்டும் இருந்தது சீமெந்துக் கல்லில், கல்லுக்குள் பொள்ளல், அது என்னத்தைப் பிடிக்கும்?

இந்தமுறை மேசனை நம்பவில்லை. விளிம்பு முழுக்க மூன்று அங்குல ஆங்கிள், கட்டை வருகிற இடத்தில் 10 மி.மீ. இரும்புத் தகடு, தகட்டின் பின்னால் வளைத்த கம்பி வெல்ட் பண்ணி மேடைக் கம்பியோடு கட்டி, அதுக்குப் பிறகுதான் கொங்கிறீட். பம்பர் சட்டம் தகட்டில் பூட்டியிருக்கிறது. சாரதிமாருக்கும் சொல்லியிருக்கிறேன், தொட்டதும் அரை அங்குலம் முன்னுக்கு எடுத்துவிட்டு நிறுத்து, றப்பரை அழுத்திக்கொண்டு நிற்காதே என்று. பத்தில் ஒருத்தன் கேட்பான்.

இன்னொரு சங்கதி, மேடையில் நின்று வெளியே பார்த்தால் எப்போதும் இடக்கைப் பக்கக் கட்டைதான் முதலில் சாகிறது. எங்கள் நாட்டில் ஸ்ரேறிங் வலப்பக்கம், சாரதிக்கு வலது பின்மூலை தெரியும், இடது மூலை அவன் கண்ணுக்கு மறைவு. முற்றத்தில் லொறி வலப்பக்கமாக வால் திரும்பி உள்ளே வருகிற மாதிரி இடம் விட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும், புதிதாகக் கட்டுகிறவர்கள் இதையாவது கேளுங்கள். எல்ஃப் மாதிரிச் சின்ன லொறி வந்தால் அதன் தட்டு கட்டைக்குக் கீழே போய்விடும், அதுக்கு நெட்டையாக நிற்கிற பம்பர்தான் சரி. 2025 மாசியில் வாகன இறக்குமதி திறந்துவிட்டபிறகு புது லொறிகளும் தெருவுக்கு வருகின்றன, விற்கிற விலைக்கு அதில் ஒரு கீறல் விழுந்தால் முதலாளி நேரே என் கந்தோருக்கு வருகிறான். பின்கதவைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு றிவேர்ஸ் எடுத்து, கொண்டி கட்டையில் முட்டி வளைந்தால் அதுவும் என் பிழையாம்.

கட்டை நாலரை அங்குலம் என்றால் தட்டுக்கும் மேடைக்கும் நடுவில் நாலரை அங்குல இடைவெளி என்பதையும் யாரும் சொல்லித்தரமாட்டார்கள். தள்ளுவண்டிச் சில்லு அதுக்குள் இறங்கிவிடும், ஆகவே அதுக்கு மேலே போட செக்கர் பிளேட் (வழுக்காத புடைப்புள்ள இரும்புத் தகடு) ஒன்று வெட்டி வையுங்கள். சிந்துகிற நெல்லுக்குப் பின்னேரம் மயில் வரும். எங்கள் ஸ்ரோரில் கொழுத்தது மயில் மட்டும்தான்.

இவ்வளவும் நல்லதாகச் சொல்லிவிட்டு என்ன முடிவு என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். விளிம்புக்கு ஆங்கிள் அடியுங்கள், ஒரு பெடியனுக்கு விசில் வாங்கிக் கொடுங்கள், லொறிக்காரன் பயத்தோடு வரட்டும். போன மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அது கிடக்கட்டும், நைலோன் நூல் உள்ள பழைய பஸ் ரயர் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், மூன்றாவது வாசலுக்கு அடுக்குக் கட்டை செய்ய நாலைந்து தேவைப்படுகிறது. ஏற்றுக்கூலி நான் தருகிறேன்.