வாடகைக் கேம்பர்வேனில் ஆறு பயணம்: பிடித்ததும் படுத்தியதும்

எட்டு வருடத்தில் ஆறு முறை கேம்பர்வேன், அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்கிற வண்டி, வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நானும் மனைவியும் மட்டும் போனது நான்கு, பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனது இரண்டு. சின்ன வண்டி, பெரிய வண்டி, நேற்று ஷோரூமிலிருந்து வந்தது போன்ற வண்டி, ஓடி ஓடித் தேய்ந்த வண்டி எல்லாம் பார்த்தாயிற்று. முதல் தடவை திரும்பி வந்ததும் எல்லாரிடமும் ஏரிக்கரைச் சூரிய உதயத்தைப் பற்றியே அளந்துகொண்டிருந்தேன், அது பொய்யும் இல்லை. ஆனால் ஆறாவது முறைக்குப் பிறகு யாராவது கேட்டால் முதலில் சொல்வது வேறு. வண்டி எடுத்த நாளிலிருந்து ஒரு குட்டி வீட்டை நீங்கள் நடத்துகிறீர்கள். தண்ணீர் பிடிப்பது, அழுக்குத் தண்ணீரைக் கொட்டுவது, கரண்டை எண்ணி எண்ணிச் செலவழிப்பது எல்லாம் உங்கள் தலையில்தான். அதில் ஒரு சின்ன சந்தோஷம் கிடைக்கிற ஆள் என்றால் தாராளமாகப் போங்கள். விடுமுறையிலுமா இதெல்லாம் என்று கேட்கிற ஆள் என்றால் ஒரு கார் எடுத்துக்கொண்டு அறை போட்டுத் தங்குவது நல்லது, நிஜமாகவே சொல்கிறேன்.

முதல் பயணத்தில் செய்த பெரிய தப்பு வண்டியின் அளவு. இரண்டு பேருக்கு ஏழு மீட்டர் நீள வண்டி எடுத்தோம். வாடகையில் வித்தியாசம் கொஞ்சம்தான், உள்ளே நின்றுகொண்டு சட்டை மாற்றலாம், குளியலறை உண்டு, படத்தில் பார்த்தால் அரண்மனை மாதிரி இருந்தது. மலைச்சாலை ஆரம்பித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிர்ப்பக்கம் யாரும் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு, வாலை வெளியே வீசித் திருப்ப வேண்டியிருந்தது. அதைவிட எரிச்சலானது, அழகான காட்சிமுனை ஒவ்வொன்றிலும் வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது. எங்கள் வண்டியோ ஏறக்குறைய மூன்று மீட்டர். எதைப் பார்க்கவென்று போனோமோ அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்து போனோம். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் எடுப்பதில்லை. கூரையைத் தூக்கி விரிக்கிற ரகம் கம்பிக்கு அடியில் பெரும்பாலும் நுழைந்துவிடும், ஆனால் மேலே துணிச்சுவர்தான், காற்றடிக்கிற ராத்திரியில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். குளிர்காலத்துக்கு அது வேண்டாம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘நான்கு பேர் படுக்கலாம்’ என்று போட்டிருந்தால் நான்கு பேர் பத்திரமாக உட்கார்ந்து போகலாம் என்று அர்த்தமில்லை. நாங்கள் பதிவு செய்த வண்டியில் பின் இருக்கைகளுக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருந்தது, தோளைத் தாண்டி வருவது இல்லை. சின்னவனை உயர்த்தி உட்காரவைக்கிற பூஸ்டர் இருக்கைக்குத் தோள் பெல்ட்டும் கட்டாயம் வேண்டும். இதை வண்டி எடுக்கப் போன இடத்தில்தான் பார்த்தோம், அங்கேயே நின்று வாதாடி வேறு வண்டி வாங்க மூன்று மணி நேரம் போனது. பெல்ட் எத்தனை, எந்த வகை, இருக்கை முன்னோக்கி இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியை நம் கையில் ஒப்படைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் மொத்தப் பயணத்தையும் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். வாடகைக்கு விடுகிறவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டுச் சாவியை நீட்டுவார். வாங்காதீர்கள். கேஸ் வால்வு எங்கே, தண்ணீர் பம்ப் சுவிட்ச் எது, கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம், ஹீட்டரை எப்படிப் பற்றவைப்பது என்று ஒவ்வொன்றையும் நீங்களே இயக்கிப் பாருங்கள், அவர் இயக்குவதைப் போனில் வீடியோ எடுங்கள். டீசல் ஊற்றுகிற மூடியும் குடிநீர் ஊற்றுகிற மூடியும் சில வண்டிகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இந்த வண்டிகள் இரவு தங்குகிற ஒரு கேம்ப்சைட்டில் எங்களுக்கு அடுத்த வண்டிக்காரர் குடிநீர்த் தொட்டியில் டீசலை ஊற்றிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், பாவம். அப்புறம் கூரையையும் ஏணி வைத்தாவது ஏறிப் படம் எடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கரண்ட் விஷயம் புரிய எனக்கு இரண்டு பயணம் ஆயிற்று. வண்டியைக் கிளப்புகிற பேட்டரி வேறு, உள்ளே விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடுகிற பேட்டரி வேறு. உள்ளே இருப்பது 100 ஆம்பியர்-மணி கொண்ட பழைய ஈய அமில ரகம் என்றால், அது கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். 12 வோல்ட்டில் அது வெறும் 600 வாட்-மணி. ஃபிரிட்ஜ் மட்டுமே ஒரு நாளில் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வெளி மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஹேர் டிரையர், மின்சாரக் கெட்டில் எல்லாம் கனவுதான். லித்தியம் பேட்டரியும் கூரையில் சோலார் தகடும் இருந்த வண்டியில் இந்தத் தலைவலியே வரவில்லை, மூன்று ராத்திரி எங்கேயும் செருகாமல் இருந்தோம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அதற்குக் கொடுக்கலாம்.

கேஸிலும் ஒரு பாடம் உண்டு. உயரமான இடத்தில் ஒரு விடியற்காலை, வெளியே உறைபனி, அடுப்பு பற்றவே மாட்டேன் என்றது. சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தது, ஆனால் அது பியூட்டேன். அது மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாகாமல் திரவமாகவே உட்கார்ந்துவிடும். புரொப்பேன் என்றால் மைனஸ் 42 டிகிரி வரை கவலையில்லை. ஒரு வெந்நீருக்காக வெயில் ஏறும் வரை போர்வைக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த ரசாயனம் மண்டையில் ஏறியது. குளிருக்குப் போனால் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மணமே இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அலாரம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பொத்தானை அமுக்கிப் பார்த்துவிடுங்கள், அது இல்லாத வண்டியில் நான் படுக்க மாட்டேன்.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஆனால் எல்லாரும் மனதுக்குள் கேட்கிற கேள்வி அதுதான். உள்ளே இருக்கிற கேசட் டாய்லெட்டின் பெட்டி கிட்டத்தட்ட 20 லிட்டர், இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் வரும், பிறகு வெளியே இழுத்து அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். முதல் முறை மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தேன், மூன்றாவது முறை பாட்டுப் பாடிக்கொண்டு செய்தேன். நிரம்பி வழியும் வரை விட்டுவைக்காமல் இருந்தால் போதும், பெரிய கஷ்டமில்லை. டாய்லெட்டே இல்லாத வண்டி மலிவு என்று எடுப்பவர்கள் போகிற நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சி நிலங்களில் இரவு தங்க, வண்டியோடு நிலையாகப் பொருத்திய கழிப்பறையும் அதற்கான சான்றும் பொதுவாக வேண்டும்.

ஓட்டுவதில் எனக்குப் பிடிபட்ட ஒரே சூத்திரம், மேப் காட்டுகிற நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வது. இரண்டு மணி நேரம் என்றால் மூன்று. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் சூடாகிப் பிடிக்காமல் போகும், கியரைக் குறைத்து இறங்குங்கள். பின்னால் நான்கு வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள், நமக்குத்தான் அவசரம் இல்லையே. கிளம்புவதற்கு முன் அலமாரி, ஃபிரிட்ஜ் கதவு, கூரை ஜன்னல், படி எல்லாம் பூட்டியாயிற்றா என்று ஒரு சுற்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு முறை ஃபிரிட்ஜ் கதவைத் தாழ் போட மறந்து முதல் ரவுண்டானாவிலேயே உள்ளே இருந்ததெல்லாம் தரையில். இப்போது ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வைப்பதில்லை, பிடித்த இடத்தில் இரண்டு ராத்திரி. முதல் பயணத்தில் பத்து நாளில் ஒன்பது இடம் போட்டிருந்தோம், இப்போது நினைத்துப் பார்த்தால் நிறுத்துமிடங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

மழை பெய்தால்? இரண்டு பேர் என்றால் சுகம், கூரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு புத்தகம் படிக்கலாம். நான்கு பேர், மூன்று நாள் தொடர் மழை, ஈரமான நான்கு ஜோடி ஷூ என்றால் அன்பு கொஞ்சம் குறையும். மூச்சுக் காற்றின் ஈரமே கண்ணாடியில் வழிந்து மெத்தை ஓரத்தை நனைத்துவிடும், எவ்வளவு குளிர்ந்தாலும் கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைப்பது நல்லது.

காசு மிச்சம் என்று நினைத்து யாரும் எடுக்க வேண்டாம். வாடகை, டீசல், கேம்ப்சைட், காப்பீடு எல்லாம் கூட்டினால் இரண்டு பேருக்குக் காரும் அறையும் போட்ட கணக்கை ஒட்டித்தான் வருகிறது, சீசனில் அதைத் தாண்டியும் போகிறது. ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியது சேதமானால் காப்பீடு போக நீங்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்பதும், கூரையும் அடிப்பாகமும் அதில் அடக்கமா என்பதும். பெரும்பாலும் அடக்கமில்லை. நாலாவது பயணத்தில் கூரையில் ஒரு கீறல் என்று சொல்லி, கார்டில் பிடித்துவைத்திருந்த டெபாசிட்டில் ஒரு பெரிய தொகையைக் கழித்துக்கொண்டார்கள். நான் மரக்கிளையில் உரசியது எனக்கே நினைவில்லை, உரசவில்லை என்று காட்டப் படமும் இல்லை. இரண்டு மாதம் மெயில் போட்டுப் பாதிதான் திரும்ப வந்தது. அதற்குத்தான் அந்த ஏணி.

ஏழாவதுக்கு வண்டி பார்த்தாயிற்று. 5.4 மீட்டர், குளியலறை இல்லை, லித்தியம் பேட்டரி, புரொப்பேன். ஹீட்டர் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று மனைவி மட்டும் மூன்றாவது மெயில் அனுப்பியிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை.