ஒரு வாளித் தண்ணீர், ஒரு பெட்டி மத்தாப்பு: சிங்கப்பூரில் பட்டாசுத் தடை தொடரத்தான் வேண்டுமா?

போன தீபாவளிக்கு அப்பா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். ஈசூனில் எங்கள் வீடு ஒன்பதாம் மாடி. விடியற்காலை நாலரைக்கே எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுவேட்டி கட்டிக்கொண்டு சன்னலோரம் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னடா, ஊரே தூங்குது?" என்றார். கீழே விளக்கெரியும் நடைபாதை, முதல் பேருந்துக்குப் போகிற இரண்டு பேர், அவ்வளவுதான். மன்னார்குடியில் அந்நேரத்துக்கு முதல் சரம் வெடித்து முடிந்து, தெருநாய்கள் ஊரைத் தாண்டி ஓடியிருக்கும்.

"ஒரு நாள், ஒரு மணி நேரம் விட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டார். அப்போது பதில் சொல்லாமல் காப்பி போடப் போய்விட்டேன். பிறகு யோசித்தபோது, அந்தக் கேள்விக்கு உலகம் நாலு விதமாகப் பதில் சொல்லியிருப்பது தெரிந்தது: அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது, நேரமும் வகையும் குறித்து அனுமதிப்பது, தனியாருக்கு முழுத் தடை போட்டுவிட்டு அரசாங்கமே வாணவேடிக்கை காட்டுவது, தடையை வைத்துக்கொண்டே அக்கம்பக்கத்து அமைப்புகளுக்கு மட்டும் உரிமம் கொடுப்பது. நாம் இருப்பது மூன்றாவதில். அப்பா கேட்டது இரண்டாவதை.

முதல் வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நம் புளோக்கின் நடைவழியை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். செருப்பு அலமாரி, காய்ந்துபோன துளசி, இரண்டு சைக்கிள், பழைய அட்டைப்பெட்டி, வெளியே கழியில் தொங்கும் துணிகள். கார்ப்பேட்டையிலிருந்து கிளம்பும் ஒரு ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தாலும் யார் வீட்டுத் துணியில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூர்வாசிகளில் நாலில் மூன்று பேருக்கு மேல் வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறோம். இந்த வழியை அப்பாவே கேட்கவில்லை, விட்டுவிடலாம்.

நேரம் குறித்து விடலாமா?

கேட்க நியாயமாக இருப்பது இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பு இந்த வகை. தீபாவளிக்கு இரண்டே மணி நேரம், புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும், சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது. தமிழ்நாட்டில் அந்த இரண்டு மணி நேரத்தைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டார்கள். (மத்தாப்பில் பச்சை ஒளி வருவதே பேரியத்தால்தான். பசுமைப் பட்டாசில் பச்சைக்கு இடமில்லை என்பது ஒரு வேடிக்கை.) பிரிட்டனில் வேறு மாதிரி. ஆண்டு முழுவதும் இரவு 11 மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது, ஆனால் தீபாவளி இரவிலும் சீனப் புத்தாண்டிலும் ஆங்கிலப் புத்தாண்டிலும் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை விடுகிறார்கள். கடையில் விற்கும் வெடிக்கு 120 டெசிபல் உச்சவரம்பு. நம் பண்டிகைக்கு அந்நாட்டுச் சட்டத்தில் தனியாக ஒரு சலுகை என்று படித்தபோது எனக்கே கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் இந்த வழி முழுக்க முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: வாங்கி வைத்திருப்பவர் கடிகாரம் பார்ப்பார் என்பது. ஊரில் மைத்துனரிடம் காலை ஐந்தரைக்குப் பேசினேன். பின்னால் வெடிச்சத்தம் காதைப் பிளந்தது. "ஆறு மணிக்குத்தானே மாமா ஆரம்பிக்கணும்?" என்றால், "நாங்க அதுக்குள்ள முடிச்சிடுவோம் மாப்ள, போலீஸ் ஆறு மணிக்குத்தான் வரும்" என்கிறார். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நேரம் மீறியதற்காக வழக்குகள் பதிவாகின்றன, ஆண்டுதோறும் வெடியும் நேரம் மீறுகிறது. கடையில் சட்டப்படி வாங்கிய ஒரு பொருளை, வீட்டுக்குள் வந்த பிறகு கட்டுப்படுத்துவது எந்தக் காவல்துறைக்கும் கஷ்டம்.

சரி, அது இந்தியா, இங்கே ஒழுங்காக நடக்குமே என்று நினைத்தால், இங்கேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசாலும் அதனால் மூண்ட தீயாலும் ஆறு பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதையடுத்து அந்த மார்ச்சில் வந்தது முழுத் தடை இல்லை, பகுதித் தடைதான். அது இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1972 சீனப் புத்தாண்டில், சட்டவிரோதமாக வெடித்தவர்களைத் தடுக்கப் போன இரண்டு காவலர்களை, கையில் ஆயுதம் இல்லாதவர்களை, கூட்டம் தாக்கியது. அந்த ஆண்டே அபாயகர வாணவெடிச் சட்டம் வந்து எல்லாம் முடிந்தது. அப்பா கேட்ட நடுவழியைச் சிங்கப்பூர் யோசிக்காமல் தள்ளிவிடவில்லை. நடந்து பார்த்துவிட்டுத்தான் விட்டது.

இன்னொரு சிக்கல் இங்கே மட்டும் உள்ளது. நமக்கு 'ஒரு நாள்' என்றால், அந்த ஒரு நாளைச் சீனப் புத்தாண்டுக்கும் கொடுக்க வேண்டும். அது பதினைந்து நாள் பண்டிகை. நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 எல்லாம் வரிசையில் நிற்கும். எங்கள் மாடியிலேயே மூன்று மதத்துக்காரர்கள் இருக்கிறோம். அப்பாவின் ஒரு மணி நேரம் கூடிக் கூடி ஒரு மாதக் கணக்காகிவிடும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், அவருக்கு இரண்டு பூனை. இடி இடித்தாலே கட்டிலுக்கடியில் போய்விடும்.

இப்போது இருக்கும் தடை

இந்தத் தடை வேலை செய்கிறது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு வெடிவைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட சித்தப்பா என்று யாரும் கிடையாது. எப்போதாவது மீறல் நடக்கும். 2018 தீபாவளியை ஒட்டி லிட்டில் இந்தியா பக்கம் குளோஸ்டர் சாலையில் யாரோ வாணவெடி வைத்தார்கள், காவல்துறை ஆட்களைப் பிடித்தது. அப்போதைய சட்டப்படி வெடித்ததற்கே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் காத்திருந்தன. அந்தச் செய்தி அத்தனை பெரிதாகப் பேசப்பட்டதே, இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு அடையாளம்.

வெறும் தடை என்றால் எல்லா ஊரிலும் இப்படி நடந்துவிடாது. ஹவாயில் ஹோனலூலு நகரம் இருக்கும் ஓவாஹூவும் நம்மைப் போல ஒரு தீவுதான். பொதுமக்கள் வானவெடி விடுவது அங்கே சட்டவிரோதம். அப்படியும் 2025 புத்தாண்டு பிறந்த இரவில் ஒரு வீட்டு வாசலில் கள்ள வாணவெடிகள் மொத்தமாக வெடித்துப் பல பேர் மாண்டார்கள். அங்கே தடை காகிதத்தில் இருந்தது, சரக்கு துறைமுகம் வழியாக வந்துகொண்டே இருந்தது. இங்கே எந்தக் கடையிலும் அந்தச் சரக்கு கிடையாது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். தண்டனையின் கடுமையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என் கணக்கில் பாதி வேலையைச் செய்வது 'கிடைக்காது' என்பதுதான்.

தடையோடு கூடவே ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற புத்தியும் அன்றே இருந்தது. பட்டாசு போனதால் களையிழந்த சீனப் புத்தாண்டுக்கு ஈடாகத்தான் 1973ல் சிங்கே ஊர்வலம் தொடங்கியது. முதல் ஊர்வலம் ஜாலான் புசாரிலிருந்து அவுட்ரம் பார்க் வரை போனது. பிற்காலத்தில் சைனாடவுனில் உரிமத்தோடு, தடுப்புக்கு அப்பால், சரவெடி மீண்டும் வெடித்தது. தேசிய தினத்துக்கும் புத்தாண்டுக்கும் மரீனா பே வானமே பூத்துக் குலுங்குகிறது. அந்த வேடிக்கையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிவகாசிக்காரர்களே வாயைப் பிளப்பார்கள்.

ஆனால் அதெல்லாம் அண்ணாந்து பார்ப்பது. தீபாவளிக்கு நமக்கு வந்து சேர்ந்ததும் பார்ப்பதுதான்: சிராங்கூன் சாலை ஒளியூட்டு, தேக்கா நெரிசல், மேடைக் கச்சேரி. பட்டாசு என்பது அது இல்லையே. ஊதுவத்தியை நீட்டி, திரி பற்றியதா இல்லையா என்று குனிந்து பார்த்து, 'சர்ர்' என்றதும் திரும்பிப் பார்க்காமல் ஓடி, பாட்டி திண்ணையிலிருந்து "தள்ளி நில்லுடா கடன்காரா" என்று கத்த, காதைப் பொத்திக்கொண்டு எண்ணுவது. எண்ணி முடித்தும் வெடிக்காவிட்டால் வருகிற வயிற்றுக்கலக்கம். தடை இதைத்தான் எடுத்துக்கொண்டது; மரீனா பே இதைத் திருப்பித் தராது. எடுத்தது சரியா என்றால், சரிதான். அந்தத் திண்ணையிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் புஸ்வாணத்தை எட்டிப் பார்த்துக் கண்ணைப் போக்கிக்கொண்டதும் அதே காலத்தில்தான். அந்தச் சரங்களைச் சுற்றும் சிவகாசிப் பக்கத்துத் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை விபத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

நாலாவது வழி

நெதர்லாந்து எதிர்ப்பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. புத்தாண்டு இரவில் தெருத்தெருவாக வெடிக்கும் நாடு அது. 2000 மே மாதம் என்ஸ்கெடே நகரில் வாணவெடிக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்த பிறகுகூடப் பழக்கத்தை விடவில்லை. 2025ல்தான் பொதுமக்கள் வெடிப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒப்புதல் தந்தன. அதிலும் இரண்டு வாசல்களைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கம்பி மத்தாப்பு போன்ற சின்ன வகைகளுக்குத் தடை இல்லை. குடியிருப்போர் சங்கம் மாதிரியான அமைப்புகள் நகர மேயரிடம் அனுமதி பெற்றுத் தங்கள் வட்டாரத்தில் சேர்ந்து வெடிக்கலாம்.

முதல் வாசல் நம்மிடமும் இருக்கிறது. மத்தாப்பு இங்கே தடை செய்யப்பட்ட வாணவெடிக் கணக்கில் வராது. தீபாவளி நெருங்கினால் கேம்பல் லேன் பக்கம் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். இரண்டாவது வாசல்தான் நமக்கு இன்னும் சரியாகத் திறக்கவில்லை. உரிமம் கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் நகர மையத்துப் பெரிய கொண்டாட்டங்களுக்குத்தான் அது போய்ச் சேர்கிறது. ஈசூனிலோ செங்காங்கிலோ சமூக மன்றத்துத் திடலில், தீபாவளி மாலை ஏழு மணிக்கு, பயிற்சி பெற்றவர் ஒருவர் கம்பத்தில் தொங்கவிட்ட ஒரே ஒரு நீளச் சரத்தைப் பற்றவைத்தால் என்ன? இருபது நிமிடம். பக்கத்தில் தீயணைப்பாளர்கள். எப்போது சத்தம் வரும் என்று சுற்றுப்பட்ட புளோக்குகளுக்கு முன்கூட்டியே தெரியும். மக்சிக் பூனைகளை உள்ளே வைத்துக்கொள்வார். சீனப் புத்தாண்டுக்கும் பெருநாளுக்கும் அதே திடல், அதே விதி.

ஓட்டை இல்லாமல் இல்லை. காப்புறுதி, ஆள், தடுப்பு என்று செலவு ஏறும். 'எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் ஏன் இல்லை' என்று மனு வரும். புகைமூட்டக் காலமாக இருந்தால் கடைசி நேரத்தில் ரத்தாகும். பற்றவைப்பது நாம் இல்லை என்பதால், கடைசியில் இதுவும் பார்ப்பதுதானே என்று அப்பாவே சொல்வார். இருந்தாலும் முப்பதடி தூரத்தில் வெடித்து, சிவப்புக் காகிதத் துகள் சட்டையில் வந்து விழுவதும், மரீனா பேயில் ஒரு மைல் தள்ளி நின்று கைப்பேசியில் பிடிப்பதும் ஒன்றாகாது. தனியார் கையில் வெடி வேண்டாம். வட்டாரத்துக்கு ஒரு சரம் வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். இரண்டாவது வழிக்கு, எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், இல்லை.

அன்று மாலை மத்தாப்பு கொளுத்தக் கீழே போனோம். அப்பா ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். விளையாட்டுத் திடலுக்குத் தள்ளி, சிமெண்டுத் தரையில்தான் கொளுத்த வேண்டும் என்று பேத்திக்குக் கட்டளை. எரியும் மத்தாப்பின் நுனியில் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தொடும் என்று நான் சொன்னதும், அவள் கையை இன்னும் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். முடிந்த கம்பி ஒவ்வொன்றும் வாளிக்குள் 'சுஸ்' என்று போனது. சுற்றிலும் ஏழெட்டுக் குடும்பம். வாளி எங்களிடம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை அப்பாவைக் காணோம். எட்டிப் பார்த்தால் கீழே, துப்புரவு செய்யும் பங்களாதேஷ் தம்பியோடு சேர்ந்து புல்லில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். திடலின் ரப்பர் தரையில் கறுப்புக் கறுப்பாகப் பத்துப் பதினைந்து பொத்தல். மேலே வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாப்பத்தாறு கம்பி. நம்ம கம்பி எல்லாம் வாளியிலதான் இருக்கு, எண்ணிட்டேன், இருபது."

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.