இயர்போன் எப்படிச் சாகும்? வயர், டைப்-சி, நெக்பேண்ட், பட்ஸ்

சைதாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது பையின் பட்டை காதில் உரசியது. இடது பக்க பட் கழன்று, பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் சந்துக்குள் போய்விட்டது. வலது காதில் பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி போன பிறகு எட்டிப் பார்த்தேன். கறுப்பு ஜல்லிக்கு நடுவே கறுப்பு பட். எங்கே தெரியப்போகிறது? ஜோடி வாங்கியது 1,799 ரூபாய்க்கு. இடது பக்கம் மட்டும் வேண்டும் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால் 950 ரூபாய் என்றார்கள், அதுவும் ஸ்டாக் வந்ததும் ஃபோன் செய்வார்களாம். இன்னும் செய்யவில்லை.

யூடியூபில் இயர்போன் ஒப்பீடு என்றால் பேஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆயிரம் ரூபாயிலிருந்து மூவாயிரம் வரையிலான சாமான்களில் அந்த வித்தியாசம் என் காதுக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. எது எப்படிக் கெட்டுப்போனது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்த அலசலில் ஒரே கேள்விதான்: நான்கு ரகத்தில் எது எப்படிச் சாகும், செத்தால் பிழைக்க வைக்க முடியுமா?

பழைய 3.5 மி.மீ. வயர்

இந்தப் பின்னின் பூர்வீகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 19ஆம் நூற்றாண்டில் ஆபரேட்டர்கள் பலகையில் மாற்றி மாற்றிச் செருகிய கால் அங்குலப் பின்தான் சுருங்கிச் சுருங்கி டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும், 1979இல் வந்த சோனி வாக்மேனுக்கும், அப்புறம் நம் ஃபோனுக்கும் வந்தது.

வயர் ஒரே நாளில் சாகாது. பின்னை ஒட்டி வளையும் இடத்தில் உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். முதலில் ஒரு காது விட்டு விட்டுக் கேட்கும். வயரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் வரும். அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, மூச்சு விடாமல் ஃபோனை மேசையில் வைத்த அனுபவம் இல்லாதவர் இதைப் படிப்பவர்களில் யாராவது இருந்தால் ஆச்சரியம்.

அப்புறம் ஒரு நாள் அந்த விசித்திரம் நடக்கும். பாட்டு ஓடும், வயலின் கேட்கும், கோரஸ் கேட்கும், பாடகர் குரல் மட்டும் எங்கோ கிணற்றடியில். பேய் எல்லாம் இல்லை. பின்னில் இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான எர்த், மைக் என்று நான்கு பட்டைகள். எர்த் விட்டுப்போனால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வந்து சேரும். பாடகர் குரலைப் பெரும்பாலும் நடுவில், அதாவது இரண்டு பக்கமும் சமமாக வைத்திருப்பார்கள். சமமாக இருப்பது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். ஓசியில் கரோக்கி. பின் முழுசாக உள்ளே போகாமல் இருந்தாலும் இதேதான் நடக்கும். ஜாக்குக்குள் அடைந்த பாக்கெட் பஞ்சைப் பல் குத்தும் குச்சியால் எடுத்தாலே பாதி கேஸ் சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. என் பழைய இயர்போனுக்குப் பின்னை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பின் வைத்துக் கொடுத்தார் ஒரு தம்பி. வயரின் நுனியில் இருந்த மெல்லிய பூச்சை லைட்டர் சூட்டில் பொசுக்கி, நிறம் பார்த்துப் பிரித்து ஈயம் வைத்தார். பத்து நிமிஷம், 60 ரூபாய். "வாரண்டி எல்லாம் கிடையாதுண்ணே, ஆனா ஓடும்" என்றார். ஓடியது, இன்னும் ஒன்றரை வருஷம். நான்கு ரகத்தில் செத்த பிறகும் எழுந்து வருவது இது ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால் செருக இடம் இல்லை. 2016 செப்டம்பரில் ஐபோன் 7இலிருந்து ஜாக்கை எடுத்தபோது, ஆப்பிளின் ஃபில் ஷில்லர் அதற்குத் 'தைரியம்' என்று பெயர் வைத்தார். அதே மேடையில்தான் ஏர்பாட்ஸையும் அறிமுகப்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஃபோனில் ஜாக் உண்டு என்று அதே ஆண்டு பிக்ஸல் விளம்பரத்தில் கிண்டலடித்த கூகுள், அடுத்த ஆண்டே பிக்ஸல் 2இல் அதை எடுத்துவிட்டது. கேலி செய்த சாம்சங்கும் 2019இல் நோட் 10இல் வழிக்கு வந்தது. இன்று ஜாக் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் விலை குறைந்த ஃபோன்களில்தான். நிறையக் காசு கொடுத்தால் கிடைக்காத வசதி என்று ஒன்று இருப்பது வேடிக்கைதான்.

டைப்-சி வயர்

ஜாக் போனால் என்ன, சார்ஜ் போடும் ஓட்டையிலேயே செருகிக்கொள்ளலாமே என்று வாங்கினேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டைப்-சியிலிருந்து 3.5க்கு மாற்றும் அடாப்டர் இரண்டு வகை. ஒன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் (டிஏசி) உள்ளேயே இருக்கும். இன்னொன்றில் வெறும் வயர்தான்; ஃபோனே ஒலியாக மாற்றி அந்த ஓட்டை வழியாக அனுப்ப வேண்டும். எல்லா ஃபோனும் அப்படி அனுப்பாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஒரே கண்ணாடிப் பெட்டியில் தொங்கும். கடைக்காரரிடம் "இதில் டிஏசி சிப் இருக்கா?" என்று கேளுங்கள். முழித்தால், அங்கேயே உங்கள் ஃபோனில் செருகிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இது சாகும் விதம்தான் எனக்குப் பிடிக்காதது. இயர்போன் செத்தால் பரவாயில்லை, கூடவே ஃபோனையும் இழுத்துக்கொண்டு போகும். பஸ் நெரிசலில் யாராவது வயரை இழுக்க இழுக்க, லூஸாவது சார்ஜ் போடும் வாய். பாட்டுக் கேட்கும்போது சார்ஜும் போட முடியாது. வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும்.

நெக்பேண்ட்

இதற்கு மரியாதை கிடையாது. ஆபீஸில் போட்டுக்கொண்டு போனால் "என்ன ப்ரோ, இன்னும் நெக்பேண்டா?" என்பார்கள். டெலிவரி தம்பிகள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள், ஆட்டோ டிரைவர்கள் கழுத்தில் பாருங்கள். நாள் முழுக்கக் காதில் மாட்டியாக வேண்டியவர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களோ, அதைவிட நல்ல விமர்சனம் எந்த சேனலிலும் கிடைக்காது.

காரணம் எளிது. கழுத்துப் பட்டையில் இடம் இருப்பதால் பேட்டரி பெரிது; ஒரு முறை சார்ஜ் போட்டால் இரண்டு மூன்று நாள் வரும். காதிலிருந்து கழன்றால் நெஞ்சில் தொங்கும், தண்டவாளத்துக்குப் போகாது. ஒரு காதுக்கு மட்டும் சார்ஜ் இறங்கிப்போவது என்ற பேச்சே இல்லை.

சாவு இரண்டு இடத்தில் வரும். ஒன்று, வியர்வை. சித்திரை மாதத்தில் சட்டைக் காலருக்குள் நாள் முழுக்க ஊறி, பட்டன்களின் மேல் இருக்கும் ரப்பர் பிசுபிசுத்து உரியும். வால்யூமைக் கூட்டினால் பாட்டு மாறும். இரண்டு, பட்டையிலிருந்து காதுக்குப் போகும் குட்டி வயர். ஹெல்மெட் போட்டுக் கழற்றும்போது சிக்கி இழுபடுவது அதுதான். என்னுடையது இரண்டேகால் வருஷம் வந்தது.

பட்ஸ்

அழகுதான். சார்ஜ் டப்பாவை மூடும்போது வரும் அந்த 'டக்' சத்தத்துக்காகவே பாதிப் பேர் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் சாவதற்கு இத்தனை வழிகள் உள்ள சாமானை நான் வேறு பார்த்ததில்லை.

தொலைந்து போவது முதல் வழி. அதைச் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது, பேட்டரி. ஒவ்வொரு பட்டிலும் இருப்பது மாத்திரை அளவு லித்தியம் பேட்டரி. எந்த லித்தியம் பேட்டரியும் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் தளரும். இதுவோ எடுத்துப் போட்டுத் திரும்ப வைக்கும் ஒவ்வொரு முறையும் சார்ஜ் ஏறுகிறது, மீதி நேரமெல்லாம் நிறைந்த வயிற்றோடு டப்பாவில் கிடக்கிறது. இரண்டாம் வருஷம் ஐந்து மணி நேரம் இரண்டாகும். அதுவும் சமமாக ஆகாது. பல மாடல்களில் ஒரு பட் ஃபோனோடு பேசும் மூத்த பிள்ளை, கால் வந்தால் மைக்கும் அதுதான். அதன் பேட்டரி முன்னதாகவே களைத்துவிடும்.

மாற்றலாமே என்றால், பசை போட்டு மூடியிருக்கிறார்கள். கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் ஐஃபிக்ஸிட், முதல் ஏர்பாட்ஸுக்குப் பழுது பார்க்கும் வசதிக்காகக் கொடுத்த மதிப்பெண் பத்துக்குப் பூஜ்யம். ரிச்சி தெருத் தம்பியிடம் காட்டினால் கையில்கூட வாங்கமாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வருகிறது. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் 2024லேயே பேட்டரி மாற்றக்கூடிய பட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முடியாது என்று இத்தனை நாள் சொன்னவர்கள் அதைப் பார்த்தார்களா தெரியவில்லை.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் மூன்று விஷயங்களை நிதானமாகப் படியுங்கள். '40 மணி நேரம்' என்பது சார்ஜ் டப்பாவில் இருக்கும் சார்ஜையும் சேர்த்து. காதில் தொடர்ந்து வருவது ஐந்தாறு மணி. 'ஐபிஎக்ஸ்4' என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. வாஷிங் மெஷினை அல்ல. 'ஈஎன்சி' என்று பெரிதாகப் போட்டிருந்தால் உங்களுக்கு வெளிச்சத்தம் குறையாது. கால் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சலைக் குறைத்துக் கொடுப்பது அது. உங்கள் காதுக்கு வேண்டியது 'ஏஎன்சி'. யோசனை பழசு; போஸ் ஸ்பீக்கர் கம்பெனியின் அமர் போஸ் 1978இல் விமானத்தில் போகும்போது இதைத் தன் ஹெட்போனுக்காக யோசித்தார். எஞ்சின் போலத் தாழ்வாக, ஒரே மாதிரி வரும் சத்தத்துக்கு எதிர்ச் சத்தம் போட்டு அடக்குவது. ஏசி இரைச்சல், பஸ் எஞ்சின் உறுமல் எல்லாம் அடங்கும். ஏர் ஹார்ன் அடங்காது. நம் ஊரில் வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

நெக்பேண்ட், பட்ஸ் இரண்டுக்கும் பொதுவான எரிச்சல் ஒன்று உண்டு. லேப்டாப்பில் மீட்டிங்கில் சேர்ந்ததும் ஒலி திடீரென்று லேண்ட்லைன் காலத்துக்குப் போய்விடும். மைக் திறந்தவுடன் ப்ளூடூத் பாட்டு முறையை விட்டுவிட்டு, ஃபோன் பேசும் பழைய முறைக்கு மாறுகிறது. ஸ்டீரியோ போய் மோனோ. லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் காதுக்கு நல்ல ஒலி திரும்பிவிடும். இந்த ஒரு குறிப்புக்காக ஆபீஸில் மூன்று பேர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபோனைப் பேண்ட் பின்பாக்கெட்டில் வைத்தால் பாட்டு விக்குவதற்கும் காரணம் உண்டு: ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. சட்டைப் பைக்கு மாற்றிப் பாருங்கள்.

சரி, எதை வாங்குவது?

நாள் முழுக்க ரோட்டில் இருப்பவர் என்றால் நெக்பேண்ட், யோசிக்கவே வேண்டாம். ஃபோனில் ஜாக் இருந்தால், பையில் ஒரு 400 ரூபாய் வயர் எப்போதும் இருக்கட்டும். கேம் ஆடுபவர்களுக்கும் கீபோர்டு பழகும் பிள்ளைகளுக்கும் ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வருவது ஒத்து வராது, வயர்தான். பட்ஸ் வாங்கத்தான் போகிறேன் என்பவர்கள், இரண்டு வருஷத்தில் தூக்கிப் போடும் சாமானுக்கு எவ்வளவு கொடுப்போம் என்று கணக்குப் போட்டுவிட்டு, கடைக்குப் போகும் முன்பே ஒரு பக்க பட்டின் விலையை விசாரித்து வையுங்கள்.

நான் இப்போது நெக்பேண்டுக்கே திரும்பிவிட்டேன். மிச்சமிருக்கும் வலது பட் மேசையில் கிடக்கிறது, எறிய மனசு வரவில்லை.

என் ஃபோன் மாற்றும் யோசனையை அம்மாவிடம் சொன்னபோது, தனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் "அந்தக் குச்சி சொருகுற ஓட்டை" இருக்க வேண்டும் என்றார். பாட்டுக் கேட்க இல்லை, எஃப்.எம். கேட்க. ஃபோனில் எஃப்.எம். எடுக்க வேண்டுமானால் வயர்தான் ஆன்டெனா; ஜாக் போன ஃபோன்களில் ரேடியோவும் பெரும்பாலும் கூடவே போய்விட்டது. பேரிடர் நேரத்தில் உதவும் என்பதால் ரேடியோவை முடக்காதீர்கள் என்று மத்திய அரசு 2023இல் ஃபோன் நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. அம்மாவின் இயர்போனில் இரண்டு காதும் செத்து நாலு வருஷம் ஆகிறது. அதைச் செருகி, வயரைச் சமையலறை ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டு, ஸ்பீக்கரில் வைத்துத்தான் தினமும் காலையில் தேங்காய் துருவுகிறார்.